நீக்கச் சான்று

வரிசையில் எனக்கு முன்னால் பதினொரு அம்மாக்கள்.
எல்லார் கையிலும் பிளாஸ்டிக் உறை,
உறைக்குள் குடும்பப் பட்டியல்.
என் கையில் ஒரு குடை.
அதுவும் நாங் செங்குடையது.

ஹ்லைங்தாயாவில் மே கடைசி மழை
யாரையும் கேட்டுக்கொண்டு பெய்வதில்லை.
பள்ளி வாசலில் கழற்றிய செருப்புகள்
தாமே ஜோடி மாறி மிதந்தன.

ஜன்னல் கம்பிக்குப் பின்னால் இருந்த எழுத்தர்
'வீடு?' என்றார்.
சட்டைக் கம்பெனிக்குப் பின்சந்து,
மூங்கில் தட்டி அறை, ஐந்து பாய்,
மூன்றாவது பாய் என்னுடையது.
அதைச் சொல்லாமல்
தெருப்பெயரை மட்டும் சொன்னேன்.

'பெயர்?'
மா சந்தா ஹ்லைங்.

'வயது?'
பதினைந்து.
கம்பெனியில் பதினெட்டு.
எட்டு மாதம் அங்கே
சட்டைகளில் தொங்கும் நூல் வெட்டினேன்.
காலர், கைப்பட்டி, பொத்தான் அடி.
வாய்ப்பாடு மறக்காமலிருக்க
பதினேழு பதினேழாக எண்ணி அடுக்கினேன்.
மேற்பார்வைக்காரி நான் ஜெபிக்கிறேன் என்று நினைத்தாள்.

ஏன் வீட்டை விட்டு வந்தாய் என்பதற்குப்
படிவத்தில் கட்டமில்லை.
அச்சடித்தவர் நல்லா இருக்கட்டும்.

ஆனால் வேறொன்று இருந்தது.
'உன் பெயர் பெகுப் பட்டியலில் இருக்கும்.
ஒருத்தி இரண்டு வீட்டில் இருக்க முடியாது.
அங்கே நீக்கிய சான்றைக் கொண்டு வா.
குடும்பத் தலைவர் கையெழுத்தோடு.'

குடும்பத் தலைவர்.
அவர் கைக்கு எட்டாத தூரம் எது என்று
ரயில் கட்டண அட்டவணையில் தேடித்தான்
இந்த ஊருக்கே வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பெகு ஸ்டேஷன்.
நடைமேடையை விட்டு இறங்கவில்லை.
உரச்சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு
தம்பி தனபால் ஓடி வந்தான்.
எட்டு மாதத்தில் குரல் உடைந்திருந்தது.
அரிசி டின்னுக்குள் இருந்ததாம்,
வயிற்றோடு ஒட்டிக் கொண்டு வந்திருந்தான்.
'அக்கா, அப்பா உன்னை வெட்டிட்டாரு'
என்று அழுதான்.

பட்டியலில் நான்காம் வரி.
அதன் மேல் ஸ்கேல் வைத்து இழுத்த சிவப்புக் கோடு.
பின்னால் குத்தியிருந்த சீட்டு,
வார்டு ஆபீஸ் முத்திரை, எண், எல்லாம் சரியாக.
எழுத்தர் கேட்ட அதே காகிதம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
தம்பி பயந்து போய்ப் பார்த்தான்.
அவனுக்கு ஒரு மொகிங்கா வாங்கிக் கொடுத்தேன்.

திரும்பும் ரயிலில்தான் தேதியைப் பார்த்தேன்.
நான் கிளம்பியது விளக்குத் திருவிழா முடிந்து.
அவர் கோடு போட்டது
தண்ணீர்த் திருவிழாவுக்கு மறுவாரம்.
நடுவில் ஆறு மாதம்.
ராத்திரி ஆள் எண்ண வந்தவர்களிடம்
நான்காம் வரியைப் பற்றி என்ன சொல்லியிருப்பார்?
சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்றா?
மறந்துபோனாரா,
ஆபீஸ் போகச் சோம்பலா,
இல்லை வேறு ஏதாவதா.
தெரியாது. தம்பியிடம் கேட்டிருக்கலாம்.

புதன்கிழமை நாங் செங்
அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்தாள்.
பாதுகாவலர் இடத்தில் அவள் கையெழுத்து.
இருபத்து மூன்று வயது. ஷான் மலைக்காரி.
'உறவு?' என்றார் எழுத்தர்.
அவள் என்னைப் பார்த்தாள்.
'பக்கத்துப் பாய்' என்றாள்.
அவர் பேனாவைக் கொஞ்ச நேரம் தூக்கியே வைத்திருந்தார்.
பிறகு 'அக்கா' என்று எழுதி
முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

எட்டாம் வகுப்பு. வரிசை எண் நாற்பத்தேழு.
பச்சை லுங்கி, வெள்ளைச் சட்டை,
செவ்வாய்க்குள் வாங்க வேண்டும்.

சான்றின் அசலைக் கோப்பில் வைத்தார்.
'எனக்கு ஒரு நகல் வேண்டும்.'
'இனி இது எதற்கும் ஆகாதே' என்றார்.
இருந்தாலும் வேண்டும் என்றேன்.
நூறு கியாட். மழை ஈரத்தில்
இயந்திரம் இரண்டு முறை தாளை மென்றது.

முழுக்கப் பர்மிய எழுத்து.
கீழே மட்டும் தமிழில் அப்பாவின் கையெழுத்து,
அதற்கு மேலே, யாரும் கேட்காமலே,
அடைப்புக்குறிக்குள்
அவர் கையால்:
பவளக்கொடி.